பிரிட்ஜுக்குள்ள இருக்கிற பேனையும் நீங்கள் கடைசி வரியில போட்ட விசயமும்

கேள்வி:

வணக்கம் டொக்டர் அக்கா. எனக்கு 32 வயது, சுன்னாகம் பக்கம், பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். கலியாணம் முடிச்சு மூண்டு வருசம். பீரியட்ஸ் ஒழுங்கில்லை, 45 நாள், சிலவேளை 60 நாள் செண்டுதான் வரும். ஸ்கான் பண்ணி பீசிஓஎஸ், சூலகக் குழப்பம் எண்டு சொல்லிச்சினம். போன மாசம் ரத்தம் பாத்ததில வெறுவயித்துச் சீனி 112, எச்பிஏ1சி 6.1, ஈமோகுளோபின் 10.2. உயரம் 155, நிறை 58 கிலோ, ஒருத்தரும் என்னைக் குண்டு எண்டு சொல்லமாட்டினம். ஒரு டொக்டர் மெற்ஃபோமின் 500 எழுதித் தந்தவர், அது சீனி வருத்தக் குளிசை எண்டு தெரிஞ்ச உடன பத்து நாளோட விட்டிட்டன், வயித்தையும் குழப்பிச்சுது. அம்மாவுக்கு 18 வருசமா சீனி, போன வருசம் கால்விரல் ஒண்டு எடுத்தவை, சலத்தில புரதமும் போகுதாம். கனடாவில இருக்கிற அண்ணா சீனிக்கும் நிறை குறைக்கவும் போடுற ஒஸெம்பிக் எண்ட ஊசிப் பேனை ஒண்டை ஊருக்கு வந்த ஆளிட்டக் குடுத்து விட்டவர், பிரிட்ஜில வச்சிருக்கிறன், போடலாமோ? சீனாவில சீனி வருத்தத்தை முழுசா மாத்திப் போட்டினம் எண்டு ஒரு வீடியோவும் அனுப்பினவர், உண்மையோ? மாமி சீனியை விட்டிட்டு பனங்கட்டியோட தேத்தண்ணி குடி எண்டு சொல்லுறா. எங்களுக்குப் பிள்ளை இன்னும் இல்லை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கோ தெரியேல்லை.

பதில்:

தங்கச்சி, உங்கட கடிதத்தில கேள்வி கனக்க இருக்கு, ஆனா நான் முதல் பிடிச்சது நீங்கள் கடைசியில சும்மா போட்டு விட்ட அந்த ஒரு வரியைத்தான். பிள்ளை இன்னும் இல்லை எண்ட வரி. அதை முதல் வரியா எழுதியிருந்தியள் எண்டா பேனையைத் தொடாதேங்கோ எண்டு நானும் முதல் வரியிலயே சொல்லியிருப்பன்.

செமாகுளுரைட் எண்டதுதான் அந்தப் பேனைக்குள்ள இருக்கிற மருந்து. பிள்ளைக்கு முயற்சி செய்யிற பொம்பிளையள் அதைப் போடக்கூடாது, பிள்ளை வேணும் எண்டு நினைச்சா குறைஞ்சது ரெண்டு மாசத்துக்கு முதலே நிப்பாட்டோணும் எண்டு மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளிலயே கிடக்கு, ஆரும் விரிச்சு வாசிக்கிறேல்லை. கிழமைக்கு ஒருக்கா போடுற ஊசி எண்டா அது உடம்பில அவ்வளவு காலம் நிண்டு பிடிக்கும் எண்டுதானே கருத்து, கடைசி ஊசி போட்ட பிறகும் முழுசா வெளியில போக அஞ்சு கிழமை மட்டில எடுக்கும். இதில இன்னொரு சிக்கல் என்னெண்டா நிறை குறையக் குறைய சூலகம் திரும்ப ஒழுங்கா வேலை செய்யத் தொடங்கும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாதவிலக்கு வாற ஆள் எனக்கெங்க தங்கப்போகுது எண்டு நினைச்சு ஊசியும் போட்டுக்கொண்டு இருக்கேக்க பிள்ளை தங்கிவிடும். மருந்துக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ரெண்டு மாசம் செண்டுதான் தெரியவரும், உங்களுக்குத்தான் நாள் பிந்திறது பழக்கமாச்சே.

சரி, இனி சம்பந்தம் இருக்கோ எண்டு கேட்டதுக்கு வாறன். இருக்கு. சீனி கூடுறதும் பீரியட்ஸ் குழம்பிறதும் பிள்ளை பிந்திறதும் உங்களுக்கு மூண்டு வருத்தம் இல்லை, மூண்டுக்கும் பின்னால நிக்கிறது பெரும்பாலும் ஒரே ஹோர்மோன், இன்சுலின். சீனி வருத்தம் எண்டா இன்சுலின் இல்லாமல் போறது எண்டுதான் எங்கட சனத்துக்கு விளக்கம். உங்கட நிலைமையில நடக்கிறது மறுவளம். வீட்டில ஒராளுக்குக் காது மந்தம் எண்டா மற்ற ஆக்கள் கத்திக் கத்தித்தான் கதைப்பினம், என்ன? உங்கட ஈரலுக்கும் தசைக்கும் இன்சுலின் சொல்லிறது சரியாக் கேக்கேல்லை, அதால கணையம் கத்துது, ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு இன்சுலினை ஊத்துது. ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காது நல்லாக் கேக்கும். சூலகம்தான் அந்தப் பக்கத்து வீடு. கூடின இன்சுலின் அங்க போய் ஆண் ஹோர்மோனைக் கூடச் செய்யப் பண்ணும், ஈரலும் தன் பங்குக்கு அந்த ஆண் ஹோர்மோனைப் பிடிச்சு வச்சிருக்கிற புரதத்தைக் குறைச்சுப் போடும். பிறகென்ன, முட்டைகள் பாதி வளந்த கையோட நிண்டுவிடும், அதுகள்தான் ஸ்கானில வட்டம் வட்டமாத் தெரியிறது. அதுகள் கட்டியள் இல்லை தங்கச்சி, பயப்பிடாதேங்கோ, ஒப்பரேசன் செய்து எடுக்கிற சாமானும் இல்லை. நாடியில மயிர், முகப்பரு, தலைமயிர் கொட்டுப்படுறது எல்லாம் இதே கணக்குத்தான். தைரொயிட்டுக்கு ரீஎஸ்எச்சும், பால் சுரக்கப் பண்ணிற ஹோர்மோன் புரோலக்ரினும் பாத்த மாதிரி நீங்கள் எழுதேல்லை, அந்த ரெண்டையும் பாத்து இல்லையெண்டு கண்ட பிறகுதான் பீசிஓஎஸ் எண்ட பேரையே வைக்கோணும், ஸ்கானை மட்டும் வச்சுச் சொல்லுறது சரியில்லை.

கழுத்தின்ர பின்பக்கம், கமக்கட்டு கறுத்திருக்கோ எண்டும் நீங்கள் எழுதேல்லை. கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு வந்தா, பிள்ளைக்குப் பத்தொம்பது வயது, கழுத்தில ஊத்தை போகுதில்லை எண்டு தேசிக்காய்ப் பாதியால தேச்சுத் தேச்சு தோல் உரிஞ்சு போய்க் கிடந்தது. விரலால தடவிப் பாத்தன், வெல்வெற் துணி மாதிரி இருக்கும் அந்தத் தோல், ஊத்தை எண்டா அப்பிடி இருக்காது. அந்தப் பிள்ளையின்ர கழுத்தில எழுதி இருந்தது இன்சுலின் கூடிப் போச்சு எண்ட செய்தி. ரத்தம் குத்தாமல் காசு குடுக்காமல் கிடைக்கிற ரெஸ்ட் ரிப்போர்ட் அது. கண்ணாடியில பின்பக்கம் பாருங்கோ, இல்லாட்டி அவரிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்கோ.

குண்டில்லை எண்டு எழுதியிருக்கிறியள். 155 உயரத்துக்கு 58 கிலோ எண்டா பீஎம்ஐ, உயரத்தோட சேர்த்துப் பாக்கிற நிறைக் கணக்கு, 24 வரும், கனடாவில உங்கட அண்ணாவின்ர டொக்டர் பாத்தா நோர்மல் எண்டுதான் சொல்லுவார், அவையின்ர கோடு 25. ஆசிய ஆக்களுக்கு 23 இல இருந்தே கவனிக்கோணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழு 2004 இலயே சொல்லிப் போட்டுது. அதே வருசம் வந்த ஒரு படம் இருக்கு, நான் ஸ்ருடன்ற்ஸுக்கு எப்பவும் காட்டுறது. பூனேயில இருக்கிற டொக்டர் யாஜ்னிக்கும் லண்டனில இருந்த டொக்டர் யூட்கினும் பக்கத்தில பக்கத்தில நிக்கினம். ரெண்டு பேருக்கும் பீஎம்ஐ ஒண்டுதான், 22.3, புள்ளி கூட மாறேல்லை. ஆனா உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 வீதம், இந்தியருக்கு 21.2 வீதம். வெளியில மெலிசு, உள்ளுக்க கொழுப்பு, அதுதான் எங்கட ஆக்களின்ர உடம்பு. கையும் காலும் மெல்லிசா இருக்கும், தசை குறைவு, கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள ஈரலைச் சுத்திக் குந்தியிருக்கும். அதால தராசை விடுங்கோ. தையல் மெசினுக்குப் பக்கத்தில கிடக்கிற அளவு நாடாவை எடுத்து தொப்புள் மட்டத்தில, சட்டைக்கு மேலால இல்லை, மூச்சை விட்டபிறகு, எக்காமல் அளவுங்கோ. 80 சென்ரிமீற்றருக்கு மேல எண்டா எங்கட பொம்பிளையளுக்கு அது கூட. உங்கட அவருக்கு 90.

இலங்கையில 2005, 2006 இல எடுத்த பெரிய கணக்கெடுப்பில வளந்த ஆக்களில பத்துப் பேருக்கு ஒராளுக்கு சீனி எண்டு வந்தது, சண்டையால வடக்கையும் கிழக்கையும் அதில சேர்க்கேல்லை, எங்களை எண்ணவே இல்லை. பிறகு 2018, 2019 இல எடுத்ததில நூற்றுக்கு 23 பேருக்கு சீனி, இன்னுமொரு 30 பேர் மட்டில உங்களை மாதிரி சீனி வருத்தத்தின்ர வாசல்படியில. உங்கட ஸ்ராஃப் ரூமில ஒருக்கா சுத்திப் பாருங்கோ, பாதிப் பேர் அதுக்குள்ள வந்திடுவினம். ஆனபடியால் உதை ஒளிச்சு வச்சு வெக்கப்பட ஒண்டுமில்லை.

112 உம் 6.1 உம். ரெண்டும் சீனி வருத்தம் இல்லை, வருத்தத்துக்கு முந்தின கட்டம். வெறுவயித்தில 126, எச்பிஏ1சி 6.5, இதுகளை எட்டினால்தான் வருத்தம் எண்டு சொல்லுறது. ஆனா உங்கட 6.1 ஐ நான் அப்பிடியே நம்பமாட்டன். ஏன் சொல்லுறன் எண்டா ஈமோகுளோபின் 10.2 எண்டு போட்டிருக்கிறியள். எச்பிஏ1சி எண்டது சிவப்பணுவில எவ்வளவு சீனி ஒட்டியிருக்கு எண்ட கணக்கு, இரும்புச் சத்துக் குறைவில அந்தக் கணக்கு பொய்யா ஏறிக் காட்டும், தலசீமியா எண்ட பரம்பரை ரத்தக் குறைபாட்டின்ர குணம் உள்ள ஆக்களில வேற மாதிரிப் பிழைக்கும். ரிப்போர்ட்டில உள்ள ஒரு நம்பரைப் பக்கத்து நம்பரோட சேர்த்து வாசிக்காட்டி இப்பிடித்தான், அவசரப்பட்டு ஆளைச் சீனிக்காரி ஆக்கிப் போடுவினம், இல்லாட்டி உள்ளதைக் கவனிக்காமல் விட்டிடுவினம். அதால நீங்கள் செய்ய வேண்டியது குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சுப் பாக்கிற ரெஸ்ட், ஓஜீரீரீ. பீசிஓஎஸ் உள்ள ஆக்களுக்கு 2023 சர்வதேச வழிகாட்டலும் இதைத்தான் முன்னுக்கு வைக்குது. வெறுவயித்தில ஒருக்கா ரத்தம், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சு அஞ்சு நிமிசத்துக்குள்ள குடிக்கிறது, ரெண்டு மணித்தியாலத்தால திரும்ப ரத்தம். அதுக்கு முதல் மூண்டு நாள் வழக்கமாச் சாப்பிடுற சோறு புட்டைச் சாப்பிடுங்கோ, ரெஸ்டுக்காகப் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையா நடிக்காதேங்கோ, அந்த ரெண்டு மணித்தியாலமும் ஒரு இடத்தில இருங்கோ, குடிச்சுப் போட்டு ரவுணுக்க சாமான் வாங்கப் போனால் ரிசல்ற் பிழைச்சுப் போகும். ரெண்டாவது நம்பர் 140 க்குக் கீழ எண்டா நல்லம், 200 ஐ எட்டினா வருத்தம், இடையில எண்டா இடையில.

மெற்ஃபோமினை விட்டது எனக்குக் கவலைதான், ஆனா உங்களில பிழை சொல்லமாட்டன், ஏன் தாறன் எண்டு சொல்லாமல் தந்தா ஆர்தான் போடுவினம். மேல சொன்ன காது மந்தத்தை, முக்கியமா ஈரலின்ர மந்தத்தைக் குறைக்கிறதுதான் அதின்ர வேலை. ஈரல் ராவில தானா சீனி செய்து விடுறதை அடக்கும், கணையம் கத்துறதைக் குறைக்கும், சீனியைக் கண்டமாட்டுக்கு இறக்கி மயக்கம் வரப் பண்ணிற குளிசை இல்லை அது. உங்களுக்கு அதைத் தந்தது சீனி வருத்தம் வந்திட்டுது எண்டதுக்காக இல்லை. ஐரோப்பாவில பழைய காலத்தில வைத்தியத்துக்குப் பாவிச்ச ஒரு அவரைக் குடும்பத்துச் செடியில இருந்து தொடங்கின கதை, 1957 இல பாரிசில ஜோன் ஸ்டேர்ன் எண்ட டொக்டர் ஆக்களுக்குக் குடுத்துப் பாத்து எழுதினவர், இண்டைக்கும் அதைத் தள்ளிவிட ஒரு மருந்து வரேல்லை. வயித்தைக் குழப்பும், உண்மை. சாப்பாட்டுக்கு நடுவில போடுங்கோ, முதல் கிழமை ராச் சாப்பாட்டோட ஒண்டே ஒண்டு, மெல்ல வெளிவிடுற ரகம் கேட்டு வாங்கலாம், ரெண்டு மூண்டு கிழமையில பெரும்பாலான ஆக்களுக்கு வயிறு பழகிவிடும். திரும்பத் தொடங்க முதல் தந்த டொக்டரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப் போட்டுத் தொடங்குங்கோ. கிட்னியைப் பழுதாக்கும் எண்டு கோயில் வீதியில நிண்டு கதைக்கிற ஆக்களைக் கேக்காதேங்கோ, கிட்னி ஏற்கெனவே நல்லாப் பழுதான ஆக்களுக்கு அதைக் குறைக்கோணும், நிப்பாட்டோணும், அது வேற கதை, அதைக் கேட்டுத்தான் ஊர் தலைகீழாத் திருப்பி வச்சிருக்கு. வருசக்கணக்காப் போடுற ஆக்கள் பி12 ஒருக்கா பாக்கோணும், அவ்வளவுதான்.

குளிசையைவிடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு. அமெரிக்காவில செய்ததைச் சொன்னா எங்கட உடம்புக்குச் சரிவருமோ எண்டு கேப்பியள், அதால சென்னையில செய்ததைச் சொல்லுறன். டொக்டர் ராமச்சந்திரன் ஆக்கள் 2006 இல வெளியிட்டது. வாசல்படியில நிண்ட 531 பேரை எடுத்து நாலு கூட்டமாப் பிரிச்சு மூண்டு வருசம் பாத்தவை. ஒண்டும் செய்யாமல் விட்ட கூட்டத்தில 55 வீதம் பேருக்கு சீனி வந்திட்டுது. மூண்டு வருசத்தில பாதிக்கு மேல! நடையும் சாப்பாட்டுத் திருத்தமும் செய்த கூட்டத்தில 39, மெற்ஃபோமின் மட்டும் போட்ட கூட்டத்தில 40 சொச்சம், ரெண்டையும் சேர்த்துச் செய்த கூட்டத்திலயும் அதே 39 சொச்சம்தான், சேர்த்ததால கூட லாபமில்லை. நான் இதில பிடிச்சு வச்சிருக்கிற விசயம் வேற. நடந்த கூட்டத்துக்கு நிறை பெரிசாக் குறையவே இல்லை. குறையாமலே வருத்தம் தள்ளிப் போயிருக்கு. தராசு அசையேல்லை எண்டு ரெண்டு மாசத்தில நடையை விடுற என்ர ஆக்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போன கதை இது. தசை வேலை செய்தால் இன்சுலின் இல்லாமலே சீனியை உள்ளுக்க இழுக்கும், தராசு முள்ளு அசைய வேணும் எண்டு இல்லை.

எங்கட அம்மம்மா ஆக்கள் துலாவிலயும் கப்பியிலயும் தண்ணி அள்ளி, உரலில மா இடிச்ச காலத்தில ஒருத்தரும் உடற்பயிற்சி எண்ட சொல்லே கேள்விப்பட்டிருக்கமாட்டினம், இப்ப சுவிச்சைத் தட்டினா ராங் நிரம்புது. பொம்பிளைப்பிள்ளை பின்னேரம் றோட்டில வேகமா நடந்தா எங்க போறியள் எண்டு நாலு பேர் மறிச்சுக் கேப்பினம், நாய்த் தொல்லை வேற, எனக்குத் தெரியும், அதால வளவுக்குள்ளயே நடவுங்கோ, கிணத்தடியில இருந்து கேற் வரைக்கும், மத்தியானமும் ராவும் சாப்பிட்ட கையோட பதினைஞ்சு நிமிசம். சாப்பிட்ட உடன நடக்கிற நடை, விடியப்பறம் நடக்கிற நடையை விட சாப்பாட்டுச் சீனியை நல்லா அமத்தும். கிழமையில மூண்டு நாள் தசைக்கு வேலை, கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்பி இருக்கிறது இருவது தரம், அரை வாளி தண்ணி ரெண்டு கையிலயும் தூக்கி நடக்கிறது, இதுக்கு ஜிம் தேவையில்லை.

பனங்கட்டி. மாமியோட சண்டை பிடிக்காதேங்கோ, ஆனா பனங்கட்டியிலயும் பெரும்பங்கு கடைச் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான், கூட கொஞ்சம் கனியுப்பு. பனை எங்களுக்குக் கடவுள் மாதிரி எண்டாலும் சீனி சீனிதான். கடிச்சுக்கொண்டு குடிக்கிறதில ஒரு நன்மை, சின்னத் துண்டோட முடிஞ்சிடும், ரெண்டு கரண்டி கரைச்சுக் குடிக்கிறதுக்கு அது பரவாயில்லை, கறுப்புத் தேத்தண்ணிக்கு ஒரு நகத்தளவு, அதுவும் ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டா மாமிக்கும் சந்தோசம். பனம்பழக் களியில இருக்கிற ஒரு கசப்புச் சத்து சீனி உறிஞ்சுறதைக் குறைக்குது எண்டு இலங்கையில எலியளில பாத்திருக்கினம், எலிக்கு நல்லம், ஆக்களுக்கு இன்னும் சொல்ல ஏலாது. குரக்கன் புட்டு எண்டு சொல்லி அரிசிமாப் புட்டு சாப்பிட்ட அளவை விட ரெண்டு நீத்துப்பெட்டி கூடச் சாப்பிடுற ஆக்களையும் கண்டிருக்கிறன். மாவைவிட அளவும், என்னத்தோட சாப்பிடுறியள் எண்டதும்தான் கணக்கு. புட்டும் வாழைப்பழமும் சீனியும் எண்டா நேர சீனிதான், அதே புட்டு கால்வாசி, மீன்குழம்பு, கீரைக் கறி, முட்டை எண்டா வேற. முதல் கறியையும் மீனையும் சாப்பிட்டுப் போட்டுக் கடைசியில சோத்துக்கு வந்தால் சீனி ஏறிறது குறையுது எண்டு சின்னச் சின்ன ஆய்வுகளில கண்டிருக்கினம், காசு செலவில்லாத விசயம், செய்து பாக்கலாம். ஒடியல் கூழ் குடிக்கலாமோ எண்டு எப்பவும் ஒராள் கேப்பினம், மீன், நண்டு, றால், பயத்தங்காய், கீரை எல்லாம் விழுந்த கூழ் ஒரு கோப்பை எண்டா நான் தடுக்கமாட்டன், அதோட பாணும் சாப்பிட்டா தடுப்பன்.

இனி அந்த ஊசி. அந்த மருந்து வேலை செய்யும் எண்டது பொய்யில்லை, நான் அதுக்கு எதிரியும் இல்லை. சாப்பாடு குடலுக்க போன உடன அங்க இருந்து ஜீஎல்பி-1 எண்ட ஹோர்மோன் கிளம்பி கணையத்துக்கு சீனி வருது எண்டு சொல்லும், மூளைக்குக் காணும் எண்டு சொல்லும். ஆனா ரெண்டு மூண்டு நிமிசத்தில உடம்பு அதை அழிச்சுப் போடும், அதால மருந்தாக்க ஏலாமல் கிடந்தது. பிறகு பாத்தா எங்கட உடும்பு மாதிரி அமெரிக்கப் பாலைவனத்தில திரியிற ஒரு விசப் பல்லியின்ர வாய்நீரில அதே மாதிரி ஒரு சாமான், கெதியில அழியாதது, அதை வச்சுத்தான் 2005 இல முதல் ஊசி சந்தைக்கு வந்தது. செமாகுளுரைட் அதுக்குப் பிறகு வந்த தலைமுறை. 2021 இல வெளிவந்த பெரிய ஆய்வில 68 கிழமையில சராசரி 15 வீதம் மட்டில நிறை குறைஞ்சது. ஆனா தங்கச்சி, அந்த ஆய்வில எடுத்த ஆக்கள் பீஎம்ஐ 30 க்கு மேல, இல்லாட்டி 27 க்கு மேல இருந்து கூட இன்னொரு வருத்தமும் உள்ளவை. 24 உள்ள ஒராளையும் எடுக்கேல்லை. உங்களை மாதிரி ஒராளுக்கு அது என்ன செய்யும் எண்டு அந்த ஆய்வு சொல்லாது. குறையிற நிறையில தசையும் சேர்ந்து போகும், உங்களிட்டத் தசை ஏற்கெனவே கடன். நிப்பாட்டின ஆக்களைத் தொடர்ந்து பாத்ததில ஒரு வருசத்தில குறைஞ்சதில மூண்டில ரெண்டு பங்கு திரும்ப ஏறிட்டுது. ஒரு பேனையால என்ன செய்யப்போறியள்? சத்தி எடுக்கிறதுதான் மிச்சம்.

பேனை வந்த வழியையும் யோசியுங்கோ. என்ர மேசையிலயும் ஒருத்தர் ஒருக்கா கொண்டுவந்து வச்சவர், துவாயால சுத்தி, சொக்லேற் பெட்டிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில சூட்கேஸில வந்தது. திறக்காத பேனை 2 இல இருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும். பிளேனின்ர அடிப்பெட்டியில உறைஞ்சிருக்கலாம், உறைஞ்சா எறியத்தான் வேணும், வான் ஏசி இல்லாமல் கொழும்பில இருந்து ஏழெட்டு மணித்தியாலம் வெயிலுக்க வந்திருந்தா அதுவும் போச்சு, தொடங்கின பேனைக்கே 30 பாகைக்கு மேல கூடாது, எங்கட சித்திரை வெக்கைக்கு 30 எங்க கிடக்கு. பாத்தாத் தெரியாது, தண்ணி மாதிரித்தான் இருக்கும். இதுக்கு மேல, போலிப் பேனையள் 2023 இல பிரேசிலிலயும் பிரித்தானியாவிலயும் அமெரிக்காவிலயும் பிடிபட்டு உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில எச்சரிக்கை விட்டது. இந்தியாவில காப்புரிமை 2026 மார்ச்சோட முடியிறதால மலிவுப் பேனையளும் சென்னையால வாற ஆக்களின்ர பையில வரும், நல்ல சரக்கும் வரும் மற்றதும் வரும். எங்க இருந்து வந்தாலும் பிரிட்ஜ் விட்டு பிரிட்ஜுக்கு வந்ததோ எண்டு தெரியாத ஊசியை நான் ஒருத்தருக்கும் போடச் சொல்லமாட்டன்.

சீனா வீடியோ. அதுவும் அடியில உண்மைதான், தலைப்புத்தான் பொய். 2023 இல ரியான்ஜினில ஒரு பெண்ணுக்கு அவவின்ர சொந்த உடம்புக் கலங்களை மாத்தி இன்சுலின் செய்யிற கலங்களாக்கி வயித்துச் சுவருக்க வச்சவை, ரெண்டரை மாசத்தில ஊசி இல்லாமல் இருக்கத் தொடங்கிட்டா. அவவுக்கு இருந்தது முதலாம் வகை, இன்சுலினே இல்லாத வகை, உங்களுக்குக் கூடிப்போன பிரச்சினை. 2025 இல அமெரிக்கக் கொம்பனி ஒண்டும் வேற கலங்களா மாறக்கூடிய தண்டுக் கலத்தில இருந்து செய்த கலங்களை 12 பேருக்கு வச்சு, ஒரு வருசத்தில 10 பேர் ஊசியை விட்டவை, ஆனா உடம்பு அதைத் தள்ளாமல் இருக்க வேற பலமான மருந்து தொடர்ந்து போடோணும். சின்ன வயதில இருந்து ஒரு நாளைக்கு நாலு தரம் ஊசி குத்துற எங்கட பிள்ளையளுக்கு இது பெரிய நம்பிக்கை, நான் அந்த வழியைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அம்மாவின்ர வகைக்கு, ரெண்டாம் வகைக்கு, இதைவிடக் கிட்டவா ஒரு செய்தி பிரித்தானியாவில இருந்து 2017 இல வந்தது, டொக்டர் ரோய் ரெய்லர், மைக் லீன் ஆக்கள், சீனி வந்து ஆறு வருசத்துக்குள்ள இருந்தவையைக் கடுமையான சாப்பாட்டுக் குறைப்பில விட, ஒரு வருசத்தில 46 வீதம் பேர் குளிசை இல்லாமல் சீனி வருத்தக் கோட்டுக்குக் கீழ வந்தவை. சுகம் எண்டு சொல்லேல்லை அவை, அடங்கியிருக்கு எண்டுதான் சொன்னவை. 18 வருசம் போன கணையத்துக்கு அது கஷ்டம்.

பிள்ளை விசயத்துக்கு வாறன். முதல் கேள்வி, உங்கட அவரின்ர ரிப்போர்ட் எங்க? மூண்டு வருசமா நீங்கள் ஸ்கான், ரத்தம், நேத்திக்கடன் எண்டு ஓடித்திரியிறியள், அவர் ஒரு சின்ன ரெஸ்டும் செய்த மாதிரித் தெரியேல்லை. விந்துப் பரிசோதனை ஒரு நாள் வேலை, அவருக்குச் சீனியும் பாக்கோணும். எங்கட ஊரில பிள்ளை இல்லாட்டி முதல் பொம்பிளையைத்தான் விரதம் பிடிக்கச் சொல்லுவினம், இருக்கிற பிழையில கணிசமான பங்கு ஆம்பிளைப் பக்கத்திலயும் இருக்கும் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. ரெண்டு பேருமா வாங்கோ, அதுதான் நிபந்தனை.

உங்கட பகுதி மிட்வைஃபிட்ட இண்டைக்கே சொல்லி ஃபோலிக் அசிட் வாங்கித் தொடங்குங்கோ, பிள்ளை தங்கினபிறகு தொடங்கினா பாதிப் பலன் போயிடும். இரும்புக் குளிசையும் தேவை, ஆனா ஏன் ஈமோகுளோபின் குறைஞ்சது எண்டு பாத்துப் போட்டு. இரும்பைத் தேத்தண்ணியோட போடாதேங்கோ. சூல் முட்டை வெளிவரப் பண்ண இப்ப முதல் தெரிவு லெற்றசோல். 2014 இல அமெரிக்காவில பீசிஓஎஸ் உள்ள 750 பேரில பாத்ததில அதே வேலைக்குக் குடுக்கிற பழைய மருந்து குளோமிஃபினில 19 வீதம் பேருக்குப் பிள்ளை பிறந்தது, லெற்றசோலில 27 சொச்சம். பெட்டியில மார்புப் புற்றுநோய் மருந்து எண்டு கிடக்கும், பாத்து அலறிப்போட்டு மெற்ஃபோமின் மாதிரி எறிஞ்சு போடாதேங்கோ, அதே மருந்துதான், வேலை வேற. அதை மகப்பேற்று டொக்டர்தான் தருவார், கடையில வாங்குற சாமான் இல்லை. சீனி முதல் அடங்கோணும், ஏனெண்டா பிள்ளை தங்கின பிறகு சூல்வித்தகம் விடுற ஹோர்மோனுகள் இன்சுலினுக்கு இன்னும் எதிரா நிக்கும், வாசல்படியில நிக்கிற ஆளை உள்ளுக்க தள்ளிவிடும். தங்கினதும் முதல் கிளினிக்கிலயே குளுக்கோஸ் ரெஸ்டைக் கேட்டுச் செய்யுங்கோ, அது சரியா வந்தாலும் 24 இல இருந்து 28 ஆம் கிழமைக்குள்ள திரும்பவும். உங்களுக்கு 32 வயது, நேரம் இருக்கு, ஆனா ஆறு மாசத்தை யூரியூபில மினக்கெடுத்த நேரமில்லை.

அம்மா. இதுதான் எனக்கு உங்கட கடிதத்தில ரெண்டாவதா உறுத்தின இடம். அந்த மருந்து உங்கட வீட்டில ஆருக்காவது பொருத்தம் எண்டா அது உங்களுக்கில்லை, அவவுக்குத்தான். சீனியும் கிட்னிப் பழுதும் சேர்ந்த ஆக்களில செமாகுளுரைட் கிட்னி மோசமாகிறது, கிட்னியாலயோ இருதயத்தாலயோ வாற சாவு எண்டதுகளைச் சேர்த்து 24 வீதம் குறைச்சது எண்டு 2024 இல வந்த ஆய்வு சொல்லுது. சலத்தில சீனியை வெளியேத்துற இன்னொரு குளிசை வகையும் இருக்கு, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி கிளிஃப்ளோசின் எண்டு முடியிற பேருகள், அதுவும் கிட்னிக்கும் இருதயத்துக்கும் காவல், ஊசியை விட கையில எட்டுற விலை, கிளினிக்கில அதைப் பற்றிக் கேளுங்கோ. விரல் எடுத்த ஆள் எண்டபடியால் காலில புண் ஏதும் இருக்கோ எண்டு டொக்டர் பாத்துத்தான் எதையும் தருவார். ஆனா அதுக்காக பிரிட்ஜில கிடக்கிற பேனையை அம்மாவுக்குக் குத்திப் போடாதேங்கோ! வந்த வழி தெரியாது எண்டது ஒண்டு, அவ கிளிக்கிளசைட் எண்ட சீனிக் குளிசையோ இன்சுலினோ போடுறா எண்டா சேர்த்துக் குத்தினா சீனி படுத்து விழுந்துபோவா எண்டது ரெண்டு. மூண்டாவது கண். சீனியால விழித்திரை ஏற்கெனவே பழுதுபட்ட ஆக்களில இந்த மருந்து சீனியைச் சடுதியா இறக்கேக்க கண் கொஞ்சக் காலத்துக்கு மோசமாகிறதை 2016 ஆய்விலயே கண்டவை, அதால முதல் கண்ணுக்குள்ள துளி விட்டு விழித்திரையைப் பாத்துப் போட்டுத்தான் தொடங்கிறது. 18 வருசச் சீனி, விரல் போன கால், புரதம் போற கிட்னி எல்லாம் எழுதியிருக்கிறியள். அம்மாவின்ர கண் கடைசியா எப்ப பாத்தது எண்டு எழுதேல்லை, அதைக் கேட்டு எழுதி அனுப்புங்கோ.